அஞ்சலை சீவிய கார்

போன வியாழக்கிழமை உங்கள் மம்பாவ் பட்டறையில் நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். உங்களில் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்) பெயிண்ட் உரிக்கும் மருந்தைத் தூரிகையில் தொட்டு அந்தப் பழைய ஃபைபர் காரின் இடது கதவில் தடவப் போனார். எண்பதைத் தாண்டிய எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருகிவிட்டேன். டப்பா கவிழ்ந்து சிமெண்டுத் தரையெல்லாம் வழிந்தது. “தாத்தா, இது ஃபைபருக்குன்னே விக்கிற மருந்து லா” என்றார் அவர், பாவம், கையை உதறிக்கொண்டே. இருக்கலாம். இப்போது எல்லாவற்றுக்கும் தனித்தனி மருந்து வந்துவிட்டது. வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேலான எனக்கு அதெல்லாம் தெரியாது.

ஆனால் அந்தக் காரை எனக்குத் தெரியும். அதன் இடது கதவை இன்னும் நன்றாகத் தெரியும். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை எழுதித் தரச் சொல்லி உங்கள் முதலாளி கேட்டார். புதிதாக வந்தவர்களுக்கு உபயோகமாக இருக்குமாம். உபயோகமாக இருக்குமோ என்னவோ, மறைக்காமல் எழுதுகிறேன். இதில் பொறாமைப்பட்டு ஒருவரைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அதன் பட்டறையில் பெயிண்ட் வேலை. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துவிட்டது, ஆனால் எங்கள் பக்கம் அவசரகாலம் இன்னும் விடவில்லை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி. சாயங்காலம் சங்கு ஊதினால் ஊரடங்கு. அதற்குப் பிறகு வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் நிறுத்தி ஆளாளுக்குச் சோதிப்பார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் போச்சு. எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. பட்டறை வேலிக்கு உள்ளேயே இருந்தது. சோதனைக்கு நிற்காமல் வேலைக்குப் போகிறவன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

இன்னொரு மிதப்பு என் கையைப் பற்றியது. லாரி, ஜீப், குண்டு பாயாமல் இருக்க இரும்புத் தகடு அடித்த பழைய துரையின் கார், எல்லாவற்றிலும் பழைய பெயிண்டை எடுத்துப் புதுசு அடித்தவன் நான். காஸ்டிக் சோடாவைக் கரைத்து, சுண்ணாம்பு கலந்து கூழாக்கிப் பூசினால் அரை மணி நேரத்தில் பெயிண்ட் சுருங்கி எழும்பும். தண்ணீர் அடித்துக் கழுவினால் இரும்பு பளிச்சென்று நிற்கும். எங்கள் போர்மேன் ரஹாங்கிலிருந்து மோட்டாரில் வந்துபோகிறவர், யாரையும் வாய் திறந்து பாராட்டாத மனிதர். ஒருமுறை நான் முடித்த லாரிக் கதவைப் பார்த்து “ம்” என்றார். அந்த ஒரு “ம்”மை வைத்துக்கொண்டு ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக வந்த துரை சிங்கப்பூரில் யாரோ ஓட்டிய இந்தக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். தாழ்வான வண்டி, இரண்டு பேர்தான் உட்காரலாம், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கேட்டில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆசையாக விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “தகரமே இல்ல லா இதுல!” என்று கத்திவிட்டார். கண்ணாடியை நாராக இழுத்து, பசையில் தோய்த்து, அச்சில் படிய வைத்துச் செய்த உடம்பு என்று போர்மேன் எங்களுக்கு விளக்கினார். நாங்கள் நம்பவில்லை. அவரே முழுசாக நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு அரை மைலுக்கு அப்பாலேயே தெரியும், சுடுகிறவனுக்கு அதைவிட வசதி வேண்டாம் என்று போலீஸ் அதிகாரி ஒருவர் துரையிடம் சொல்லியிருக்கிறார். அதனால் சாம்பல் பச்சை அடிக்க வேண்டும். ஆனால் சிவப்புக்குக் கீழே வேறு இரண்டு பெயிண்ட் இருந்தன. மூன்றும் வெயிலில் வெடித்துப் போயிருந்தன. அவற்றின்மேல் புதுசு அடித்தால் நிற்காது, முழுவதையும் எடுக்க வேண்டும். துரையின் சம்சாரம் கப்பலில் வந்து இறங்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

“சூசை, சோடாவைத் தொடாத,” என்று போர்மேன் முதல் நாளே சொல்லிவிட்டார். “இது இரும்பு இல்ல. இதுக்கு எது ஆவும் எது ஆவாதுன்னு எனக்கே தெரியாது. தெரியாததுல மருந்தை ஊத்தாத.”

சரி என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். இரண்டு நாளில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் வந்தது. பொறுமை போய் உளியை எடுத்தேன். முன்மூடியில் மூன்று இடத்தில் பள்ளம் விழுந்தது. போர்மேன் வந்து குனிந்து பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் அஞ்சலை அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார். பதினோராம் நம்பர் காட்டில் பால் வெட்டுகிறவர் (ரப்பர் மரப் பகுதியைத்தான் காடு என்போம்). முப்பத்தைந்து வயது இருக்கும். புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிற வேலையில் நெஞ்சு கெட்டுப்போன புருஷன், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். பால் மரம் சீவும் கத்தியின் பிடி ஆடுகிறது, இறுக்கித் தரச் சொல்லி வந்திருந்தார். வந்தவர் என் வேலையைப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி இது, மண்ணைக் கொத்துற மாதிரி கொத்தி வச்சிருக்க?”

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து, பள்ளத்தின் ஓரத்தில் நகத்தை வைத்துத் தடவினார்.

“மேல செகப்பு. கீழ நீலம். அப்பறம் மஞ்ச. அதுக்கும் கீழ வெள்ளையா ஒரு தோலு இருக்கு பாரு. நீ அந்தத் தோலைக் கிழிச்சிட்ட. பால் மரத்துல பட்டையைத்தான எடுக்கணும், மரத்துல கத்தி படலாமா? பட்டா காயம் லா. மண்டோர் வந்து கத்துவாரு.” போர்மேனைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணே, ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கட்டா?”

போர்மேன் தலையாட்டினார். அக்கா கத்தியைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு இழுத்தார். சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரு நீளச் சுருளாக வந்து தரையில் விழுந்தன. கீழே வெள்ளைத் தோல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. போர்மேன் மண்டியிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார்.

“ம்,” என்றார்.

என்னுடைய “ம்” அது. அதை எடுத்து அவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த நிமிஷத்தில் என் வயிற்றில் பற்றிக்கொண்டது அணையவே இல்லை.

மறுநாளே போர்மேன் தோட்ட ஆபீஸில் ஆட்கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியிடம் பேசி, மூன்று வாரத்துக்கு அஞ்சலை அக்காவைப் பட்டறைக்கு வாங்கிவிட்டார். கார் நன்றாக வந்தால் துரையிடம் சொல்லிப் பட்டறையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தார். அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் பதினோராம் நம்பர் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் கடைசி எல்லை அது. அதைத் தாண்டினால் பெருங்காடு. காட்டிலிருந்து துப்பாக்கியோடு இரண்டு முறை ஆட்கள் வந்து அக்காவிடம் அரிசியும் மருந்தும் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட போலீஸ், ஏன் உடனே சொல்லவில்லை என்று சிரம்பானுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். இன்னொரு தடவை சந்தேகம் வந்தால் வெளியே விட மாட்டோம், குடும்பமும் லயத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். கொடுத்தால் இவர்கள், கொடுக்காவிட்டால் அவர்கள். தினமும் காலையில் அந்தப் பயத்தோடுதான் அவர் அந்த மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். பட்டறை அவருக்கு அதிலிருந்து தப்பிக்கும் வழி. இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பொறாமைப்பட்டேன்.

போர்மேன் பழைய ரம்பத் தகட்டை உடைத்து, சாணை பிடித்து, அக்காவின் கைக்கு அளவாக ஒரு நேர்கத்தி செய்து கொடுத்தார். எனக்கு நாலு வருஷத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட அவர் செய்து தந்ததில்லை. தன் பிளாஸ்கிலிருந்து அக்காவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பிளாஸ்கின் மூடியை நான் தொட்டதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் லாரி டிரைவர்கள் அக்காவின் கையைப் பார்க்கவென்றே வந்து நின்றார்கள். வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடுதலை இல்லை. “அஞ்சலை கை என்னா கைடா! சுருள் சுருளா விழுதாமே?” என்று என் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். எனக்கு அந்த ரசம் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் நின்றுகொண்டு, அக்காவின் கத்தி ஒரு தடவையாவது தவற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்டேன்.

கத்தி தவறவில்லை. முன்மூடி முடிந்தது, வலது கதவு முடிந்தது, சக்கர மேல்மூடிகள் முடிந்தன. இரண்டாவது வார வெள்ளிக்கிழமை அக்கா இடது கதவைத் தொட்டார். ஓரமாக நாலு விரல் அகலம் சீவிவிட்டு, மூன்று மணிக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார். நாலு மணிக்குப் போர்மேனும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பட்டறையில் நான் மட்டும் இருந்தேன்.

என் திட்டம் சின்னது. சங்கு ஆறு மணிக்குத்தான் ஊதும். ஐந்து மணிக்குச் சோடாக் கூழைப் பூசி, அரை மணியில் கழுவிவிட்டால் கதவு முழுவதும் சுத்தமாகிவிடும். அக்கா இரண்டு நாளில் செய்வதை நான் அரை மணியில் செய்துவிட்டேன் என்று காலையில் எல்லாரும் பார்ப்பார்கள். போர்மேன் “ம்” என்பார். மறைவான ஒரு மூலையில் ஒரு பொட்டு வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. பொறாமைக்காரனுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது. அவசரத்தில் கையுறைகூடப் போடாமல் குச்சியில் துணி சுற்றிப் பூசினேன்.

பூசி முடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சங்கு ஊதியது. மணி ஐந்தேகால்தான். ரந்தாவ் ரோட்டில் லாரி ஒன்றைச் சுட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்கு ஓடிவந்தார்.

“வீட்டுக்கு ஓடு! எல்லாம் வீட்டுக்கு ஓடு!”

தண்ணீர்த் தொட்டி எனக்கு நாலடி தள்ளி இருந்தது. வாளியும் அதன்மேலேயே இருந்தது. “அண்ணே, கதவுல சோடா போட்டிருக்கேன், ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்” என்று சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். நல்ல மனிதர், என் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் நான் சோடா போட்ட விஷயம் ஒருவருக்குத் தெரிந்துவிடும். தம்பிகளே, நான் சோடா பூசியதைவிடப் பெரிய தவறு அந்த நாலடியில் நடந்தது. எதுவும் பேசாமல் லயத்துக்கு ஓடினேன்.

மறுநாள் காலை ஊரடங்கு எடுத்ததும் முதல் ஆளாகப் பட்டறைக்கு ஓடினேன். தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தேன். பெயிண்ட் முழுவதும் வந்துவிட்டது. அதோடு கதவின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் தோலும் வந்துவிட்டது. உள்ளே இருந்த கண்ணாடி நார் தேங்காய் மட்டையைப் பிய்த்த மாதிரி எழும்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கியது. கூழ் கலக்கிய டப்பாவைக் கழுவி வைத்தேன், துணியை எரித்தேன், தரையைப் பெருக்கினேன். இவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னால் நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

போர்மேனும் அக்காவும் வந்தார்கள். கதவைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

“அஞ்சலை, நேத்து எவ்ளோ சீவின?”

“ஓரமா நாலு விரல் அகலந்தாண்ணே. அது சுத்தமா இருக்கு பாருங்க. இது என் கத்தி பட்ட காயம் இல்ல.”

போர்மேன் என் பக்கம் திரும்பினார். “சூசை, நான் போனப்புறம் நீ இதைத் தொட்டியா?”

“இல்லண்ணே. நான் உப்புத்தாளை அடுக்கி வச்சிட்டு, சங்கு ஊதுனதும் ஓடிட்டேன்.”

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். சோடா பட்டு நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. நான் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். போர்மேன் குனிந்து, எழும்பி நின்ற நாரைக் கிள்ளிப் பார்த்தார். நாலு வருஷமாகத் தன்னிடம் இருக்கும் ஆளை நம்புவதா, பத்து நாளைக்கு முன்பு வந்தவரை நம்புவதா என்று அவருக்குள் ஓடியிருக்கும். கடைசியில், “நீ இப்போதைக்குக் காட்டுக்கே போ அஞ்சலை. நான் தொரைகிட்ட என்ன சொல்றதுன்னு பாக்கணும்” என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். ரம்பத் தகட்டில் செய்த நேர்கத்தியை அக்கா துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் தெருத் திரும்பும்வரை காத்திருந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் பிடி என் கைக்குச் சிறியதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கேட்டில் சோதனை வரிசையில் அக்கா நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பார்க்காத மாதிரி நடந்தேன்.

“தம்பி,” என்று அவரே கூப்பிட்டார். “கை எப்படி இருக்கு?”

“சுடுதண்ணி பட்டுருச்சுக்கா.”

“ஓ,” என்றார். வரிசை நகர்ந்தது, அவரும் நகர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். பதினோராம் நம்பர் காட்டின் எல்லையில், ஒரு மரத்தடியில் அரிசி டின்னும் மருந்துப் புட்டிகளும் புதைத்து வைத்திருந்ததைப் பட்டாளத்தார் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே வெட்டிக்கொண்டிருந்த ஆறு பேரையும் லாரியில் ஏற்றினார்கள். லாரி பட்டறை வாசல் வழியாகத்தான் போனது. அக்கா பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். பால் வாளி இன்னும் மடியில் இருந்தது, இறக்கி வைக்கக்கூட விடவில்லை போலிருக்கிறது. என்னை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் சுருள் சுருளாக விழும் பெயிண்டைப் பற்றி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் சும்மா இருந்திருந்தால் இந்த நேரத்தில் அவர் இந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

போர்மேன் எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தார். அவர் கால்களைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

“அண்ணே, கதவுல சோடா போட்டது நான்.”

பிறகு அவர் வெளியே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தார், அது எகிறிப்போய்ச் சுவரில் பட்டது. அவர் ஏதும் அறியாமல்தான் இருந்திருக்கிறார். என்னை முழுசாக நம்பியிருக்கிறார். அதுதான் எனக்கு அடியைவிட வலித்தது.

“நட லா,” என்றார். “தொரைகிட்ட நீயே சொல்லு.”

துரை எங்கள் மக்களிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். வேலை வாங்கவும் திட்டவும் போதுமான தமிழ். போர்மேன் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். துரை என்னைப் பார்த்தார்.

“நீ செஞ்சது?”

“ஆமா தொரை.”

“ஏன் செஞ்சது?”

நடந்து வரும்போது நாலைந்து காரணங்கள் தயார் செய்திருந்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தேன், தொரையம்மா வருவதற்குள் என்று செய்தேன், இப்படி. ஒன்றும் வாயில் வரவில்லை. “பொறாமை, தொரை” என்றேன். அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. போர்மேனைப் பார்த்தார். போர்மேன் ஆங்கிலத்தில் சொன்னார். துரை மறுபடி என்னைப் பார்த்து, “அந்தப் பொம்பளை மேலே?” என்று கேட்டார். நான் மறுபடி ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அறுபது வருஷமாகியும் அந்த இரண்டாவது ஆமாம் என் காதில் இருக்கிறது.

துரை டெலிபோனை எடுத்தார். அந்தப் பெண் பட்டறை ஆள், காட்டுக்கு அனுப்பியது தோட்டத்தின் தவறு, இரண்டு வாரமாக அவள் தன் காரில்தான் வேலை செய்கிறாள் என்று போலீஸிடம் பேசினார். டின்னைப் புதைத்த மண்ணில் ஒரு வாரத்துப் புல் முளைத்திருந்ததாம். அதைப் புதைத்த நாட்களில் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை என்பது அவருக்குச் சாதகமாக இருந்தது. சங்கு ஊத அரை மணி இருக்கும்போது லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மற்ற ஐந்து பேரும் வந்து சேர ஒரு வாரம் ஆனது.

எனக்குத் தண்டனை சுலபமாக முடிந்தது. அக்கா பட்டறைக்கே நிரந்தரமாக வந்துவிட்டால் காட்டில் ஒரு ஆள் குறையும், அதை ஈடுகட்ட வேண்டும் என்றார் பெரிய கிராணி. “சூசை போவட்டும்” என்றார் போர்மேன், என் பக்கம் திரும்பாமல்.

அக்கா லாரியிலிருந்து இறங்கிய அன்றே, சங்கு ஊதுவதற்கு முன்னால், அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன்.

“கையைக் காட்டு,” என்றார். காட்டினேன். “தேங்கா எண்ணெ போடு.”

“அன்னைக்கே போர்மேன்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. நீங்க கையைப் பாத்தீங்களே.”

“பால் வெட்டுறவ சொல்லி, பட்டறைக்காரனை யாரு லா சந்தேகப்படுவாங்க?” அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவை மூடப்போனவர் திரும்பினார். “நாளைக்கு என் மரத்துக்குத்தான போற? என் மரத்துல காயம் போட்ட, அப்பறம் பாரு.”

மறுநாள் கேட்டில் கைகளைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நின்றேன். பதினோராம் நம்பர் காட்டுக்குப் போனேன். அக்காவின் மரங்களை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். வருஷக்கணக்காகச் சீவிய பட்டை, மேலிருந்து கீழே வரை ஒரு வெட்டுக் காயம் இல்லை. சீவிய இடத்தில் புதுப் பட்டை வழவழவென்று வளர்ந்திருந்தது. உயிருக்குப் பயந்துகொண்டே, பெருங்காட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவர் சீவியவை அவை. எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பொறாமை வந்துவிட்டது. முதல் வாரத்திலேயே பதினான்கு மரத்தில் காயம் போட்டேன், வெட்டை மேற்பார்க்கும் மண்டோர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

எட்டு மாதம் அங்கே இருந்தேன். கத்தி ஆழமாகப் போகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும் என்பதை அந்த மரங்களில்தான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா போட்டு வைத்த கோட்டைப் பார்த்து வயிறு எரிந்து எரிந்து கற்றுக்கொண்டேன். பிறகு போர்மேன் கூப்பிட்டனுப்பினார். பட்டறைக்குத் திரும்பியபோது சீவுகிற வேலைக்கெல்லாம் அக்காதான் தலை. அடுத்த ஒன்பது வருஷம் அவர் சொன்ன வேலையைச் செய்தேன். நல்ல வேலையைத் தன் கையில் வைத்துக்கொண்டு துருப்பிடித்த லாரிகளை எனக்குத் தள்ளிவிடுவார். சண்டை போடுவோம்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்து மேசைக்காரரின் கை உங்கள் கையைவிட நன்றாக இருந்தால் உங்களுக்கு எரியும். எரியாது என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். எரிகிறபோது அந்தக் கையைக் கிட்டே போய்ப் பாருங்கள். மருந்து டப்பாவை மட்டும் அந்த நேரத்தில் தொடாதீர்கள். தப்பாகப் போய்விட்டால், தண்ணீர்த் தொட்டி நாலடியில் இருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் நாலு நாள் கழித்துச் சொன்னேன், அதற்குள் ஒருவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கதவை யார் சரிசெய்தது என்று கேட்பீர்கள். துரை சிங்கப்பூரிலிருந்து கண்ணாடித் துணியும் பசையும் வரவழைத்தார். போர்மேன் ஒட்டுப் போட்டார், அக்கா அதைச் சீவி மட்டம் செய்தார். நான் அப்போது காட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. ஒருநாள் மரங்களுக்கு நடுவே ரோட்டில் சாம்பல் பச்சையாக அந்தக் கார் போவதை மட்டும் பார்த்தேன். இடது கதவு என் பக்கம்தான் இருந்தது. வண்டி வேகமாகப் போய்விட்டது.

அக்கா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. கார் எத்தனையோ கை மாறி, எத்தனையோ நிறம் மாறி, போன வியாழக்கிழமை உங்கள் பட்டறையில் வந்து நின்றது. பெயிண்ட் பெயர்ந்த ஒரு இடத்தில் அடியில் சாம்பல் பச்சை தெரிந்தது, அதில்தான் அடையாளம் கண்டேன். நீங்களெல்லாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் இடது கதவுக்குப் பக்கத்தில் குனிந்து, கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து நகர்த்தினேன். ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், விரல் நுனியால் தடவினேன், தெரியவில்லை. கடைசியில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கொண்டுபோனபோதுதான் ஒரு இடத்தில் சத்தம் தணிந்தது. அங்கிருந்து ஒன்றரைச் சாண் அகலம். அவ்வளவையும் நான் கெடுத்தேன், அவ்வளவையும் அவர் மூடியிருக்கிறார்.

இத்தனை வருஷம் இதே வேலை செய்த என் கையால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று மறுபடி வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு நிமிர்ந்தபோதுதான் உங்கள் தூரிகை அதே கதவுக்கு வந்தது.